சொந்த நிலம்தான், ஆனா வீடு கட்ட முடியுமா? அமெரிக்கக் கிராமத்துல ஒரு பெர்மிட் எப்படிக் கிடைக்குது

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.



யூட்யூப்ல ஒரு வகை வீடியோ இருக்கு. நீங்களும் நடுராத்திரி உக்காந்து பாத்திருப்பீங்க. ஒரு ஜோடி வேலையை விட்டுட்டு, அமெரிக்காவுல எங்கேயோ ஒரு காட்டுக்குள்ள அஞ்சு ஏக்கர் வாங்குவாங்க. முதல் வீடியோவுல டென்ட். மூணாவது வீடியோவுல மரச்சட்டம் நிக்கும். பத்தாவது வீடியோவுல விறகடுப்பு எரியும், வெளியே பனி கொட்டும், ஓரமா ஒரு நாய் படுத்திருக்கும். இங்க நாம ஓ.எம்.ஆர் சிக்னல்ல நின்னுக்கிட்டு, "வாழ்ந்தா இப்படி வாழணும்டா"ன்னு பெருமூச்சு விடுவோம்.

அந்த வீடியோக்கள்ல அதிகம் காட்டாத ஒரு இடம் உண்டு. கவுண்டி ஆபீஸ். மரம் அறுக்கறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ்ல ஒரு ஃபைல் ஓடணும். அது ஓடலைன்னா பத்தாவது வீடியோ வராது.

"என் நிலம், என் காசு, என் கை. இதுல கவர்ன்மென்ட்டுக்கு என்ன வேலை?" இந்த எபிசோடுல பாக்கப்போறது இந்த ஒரு கேள்வியைத்தான். கேள்வி நியாயமானது. இதே கேள்வியைக் கேட்டுச் சண்டை போட்டு, ஓரளவு ஜெயிச்சும் காட்டின ஒரு ஊர் இருக்கு. அங்கதான் போகப்போறோம்.

முதல்ல, கவுண்டின்னா என்ன?

அமெரிக்காவுல மாநிலத்துக்குக் கீழ வர்ற நிர்வாக அலகு கவுண்டி. மொத்தம் 3,000-க்கும் மேல இருக்கு. சட்டுனு புரியணும்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கலாம். ஆனா ஒரு வித்தியாசம்: பெரும்பாலான இடங்கள்ல கவுண்டியை நடத்துறது மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு குழு.

உங்க நிலம் நகர எல்லைக்குள்ள இருந்தா நகராட்சிதான் பெர்மிட் கொடுக்கும். எல்லைக்கு வெளியே இருந்தா பெரும்பாலும் கவுண்டிதான் எல்லாம். கிராமப்புறம்னா இந்த இரண்டாவது வகைதான்.

இன்னொரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமா இருக்கும். வீடு கட்டறதுக்கு அமெரிக்கா முழுக்க ஒரே சட்டம்னு ஒண்ணு கிடையாது. இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்னு ஒரு லாப நோக்கற்ற அமைப்பு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாதிரி விதிமுறைகளை வெளியிடும். மாநிலங்களும் கவுண்டிகளும் அதை எடுத்து, வெட்டி ஒட்டித் தங்களுக்குத் தகுந்த மாதிரி சட்டமாக்கிக்குவாங்க. சில இடத்துல எடுக்கவே மாட்டாங்க. அதனால "அமெரிக்காவுல ரூல் என்ன?"ன்னு கேட்டா பதில் இல்லை. "எந்தக் கவுண்டி?"ன்னுதான் திருப்பிக் கேப்பாங்க.

நாம எடுத்துக்கப்போற கவுண்டி மெண்டசினோ. கலிஃபோர்னியாவோட வடக்குப் பக்கம், பசிபிக் கடலோரம். ரெட்வுட் மரக்காடுகள், மலை, திராட்சைத் தோட்டம். பரப்பளவு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம்ம சென்னை மாவட்டத்தைப் போல இருபது மடங்குக்கு மேல. 2020 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 91,601. நம்மூர்ல ஒரு நடுத்தர டவுன்ல இருக்கற ஜனம், அவ்வளவு பெரிய நிலத்துல பரவிக் கிடக்குது.

இப்படிப் பரவிக் கிடக்கற இடத்துல பாதாளச் சாக்கடை போட முடியாது. குடிநீர்க் குழாயும் எல்லா இடத்துக்கும் வராது. இதை மனசுல வச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இதுலேருந்துதான் வருது.

வீட்டுக்கு முன்னாடி கழிவுநீர்

நிலம் வாங்கறவங்க கனவுல முதல்ல வர்றது ஜன்னலும் வராந்தாவும். ஆபீஸ்ல முதல்ல வர்ற கேள்வி வேற: "உங்க கழிவுநீர் எங்க போகும்?"

அமெரிக்காவுல ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு இன்னைக்கும் செப்டிக் டேங்கை நம்பித்தான் இருக்கு. கிராமத்துல பெரும்பாலும் அதுதான் ஒரே வழி. நம்ம மனசுல செப்டிக் டேங்க்னா ஒரு தொட்டி, நிறைஞ்சா லாரி. அங்க தொட்டி பாதிக் கதைதான். தொட்டியில கசடு அடியில தங்கும். மேல நிக்கற தண்ணி, ஓட்டை போட்ட குழாய்கள் வழியா, ஜல்லி கொட்டின நீளமான பள்ளங்களுக்குப் போகும். அங்கிருந்து மெதுவா மண்ணுக்குள்ள இறங்கும். இதை லீச் ஃபீல்டுன்னு சொல்றாங்க. உண்மையில தண்ணியைச் சுத்தம் பண்றது இந்த மண்ணுதான். மண்ணுல இருக்கற நுண்ணுயிரிகளும் மண்துகள்களும் சேர்ந்து கிருமிகளைப் பிடிச்சு வைக்குது.

அப்போ எல்லா மண்ணும் இந்த வேலையைச் செய்யுமா? அதைக் கண்டுபிடிக்கறதுதான் பெர்க் டெஸ்ட். லீச் ஃபீல்டு வரப்போற இடத்துல குழி தோண்டுவாங்க. தண்ணி ஊத்தி மண்ணை ஊற வைப்பாங்க. மறுபடி ஊத்தி, தண்ணி மட்டம் ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு அளப்பாங்க.

களிமண்ணா இருந்தா தண்ணி இறங்கவே இறங்காது. கழிவுநீர் மேல பொங்கி வரும். அதனால ஃபெயில். சரி, மணலா இருந்தா நல்லதுதானேன்னு தோணும். அதுவும் ஃபெயில் ஆகலாம். வேகமா இறங்கினா சுத்தமாக நேரம் கிடைக்காது, அழுக்கு அப்படியே நிலத்தடி நீர்ல போய்ச் சேரும். மண்ணு நடுவாந்தரமா இருக்கணும்.

இதோட இயந்திரம் வச்சு ஆழமா ஒரு பள்ளம் தோண்டி மண்ணோட அடுக்குகளைப் பாப்பாங்க. ஒரு ஆழத்துல துரு நிறமும் சாம்பல் நிறமும் கலந்த திட்டுகள் தெரிஞ்சா, மழைக்காலத்துல நிலத்தடி நீர் அதுவரைக்கும் ஏறுதுன்னு அர்த்தம். நீங்க நிலத்தைப் பாத்தது நல்ல வெயில் காலமா இருக்கலாம். மண்ணு மழைக்காலத்தை ஞாபகம் வச்சிருக்கும். சில கவுண்டிகள்ல ஈரம் உள்ள மாசங்கள்ல மட்டும்தான் இந்தச் சோதனையை ஏத்துக்குவாங்க. அந்த மாசத்தை விட்டுட்டா அடுத்த வருஷம்தான்.

இன்னும் ரெண்டு விஷயம். தொட்டியோட அளவை முடிவு பண்றது எத்தனை பாத்ரூம்ங்கறது இல்ல, எத்தனை பெட்ரூம்ங்கறதுதான். பெட்ரூம் கணக்குதான் எத்தனை பேர் தங்குவாங்கன்னு சொல்லுது. கலிஃபோர்னியாவுல மூணு பெட்ரூம் வீட்டுக்கு 1,000 கேலன் தொட்டி, அதாவது சுமார் 3,800 லிட்டர். மண்ணு ரெண்டு பெட்ரூமுக்குத்தான் தாங்கும்னா, உங்க கையில எவ்வளவு காசு இருந்தாலும் ரெண்டு பெட்ரூம்தான். அதோட, முதல் லீச் ஃபீல்டு என்னைக்காவது அடைச்சுக்கிட்டா புதுசு போட அதே அளவு இடத்தைக் காலியா விட்டு வைக்கணும். அங்க ஷெட் கூடப் போட முடியாது.

இவ்வளவும் முடிஞ்சும் இன்னும் ஒரு செங்கல் கூட வைக்கலை. அஞ்சு ஏக்கர்ல வீடு எங்க நிக்கலாம்னு மண்ணு முடிவு பண்ணிடுச்சு, அவ்வளவுதான்.

தண்ணி, தீ, பாதை

அடுத்தது போர்வெல். கலிஃபோர்னியாவுல போர்வெல்லுக்கும் லீச் ஃபீல்டுக்கும் நடுவுல குறைஞ்சது 100 அடி இருக்கணும். உங்க வீட்டு லீச் ஃபீல்டை மட்டும் கணக்குப் போட்டாப் பத்தாது. பக்கத்து வீட்டுக்காரரோட போர்வெல்லிலிருந்தும் 100 அடி தள்ளணும். அவர் உங்களுக்கு முன்னாடியே வேலியோரமா போர் போட்டிருந்தா, உங்க நிலத்துலயே ஒரு பகுதி உங்களுக்கு உதவாது.

அப்புறம் தீ. 2017 அக்டோபர்ல மெண்டசினோ கவுண்டியோட ரெட்வுட் வேலியில காட்டுத்தீ வந்துச்சு. ராத்திரி நேரம், பேய்க்காற்று. 9 பேர் இறந்தாங்க. 500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிஞ்சு போச்சு. இந்த மாதிரி இடத்துல புது வீடு கட்டணும்னா மாநில வனத் தீயணைப்புத் துறையோட விதிகள் இருக்கு. இவை 2017-க்குப் பிறகு வந்ததில்ல, 1991-லேருந்தே நடைமுறையில இருக்கு. தீயணைப்பு வண்டி உள்ள வர்ற நேரத்துலயே ஜனங்க வெளிய போக முடியணும். வண்டி திரும்ப இடம் வேணும். புகையிலயும் இருட்டுலயும் தெரியற மாதிரி வீட்டு எண் பலகை வேணும். தீயை அணைக்கத் தண்ணி சேமிச்சு வைக்கணும்.

வீட்டை விட அந்த வீட்டுக்குப் போற பாதைக்கு அதிகம் செலவு பண்ணவங்க உண்டு. மலைச்சரிவுல இருக்கற நிலம் ஏன் மலிவா கிடைச்சுதுங்கறது அப்போதான் புரியும்.

பாதையில இன்னொரு சிக்கல் சட்டச் சிக்கல். நிலத்துக்குப் போற வழி அடுத்தவங்க நிலம் வழியா இருந்தா, அந்த வழியுரிமை பத்திரத்துல இருக்கணும். "நாப்பது வருஷமா எல்லாரும் இப்படித்தான் போறோம்"ங்கற வாய்வார்த்தையை ஃபைல்ல சேர்க்க முடியாது. இது நமக்கும் பழகின கதைதானே.

ஆத்தங்கரை நிலமா இருந்தா வெள்ள வரைபடமும் பாக்கணும். மத்திய அரசு வெளியிடற வரைபடத்துல "நூறு வருஷ வெள்ளம்"னு ஒரு எல்லை இருக்கும். நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்னு நிம்மதியா இருந்துடாதீங்க. எந்த ஒரு வருஷத்துலயும் வர்றதுக்கு 1 சதவீத வாய்ப்புன்னு அர்த்தம். 30 வருஷக் கடன்ல வீடு கட்டினா, கடன் முடியறதுக்குள்ள அந்த வெள்ளத்தைப் பாக்கற வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலு பேர்ல ஒருத்தர் பாத்துடுவார்.

கடைசியாத்தான் சுவர்

இதெல்லாம் தாண்டினதும் நமக்குப் பழக்கமான கட்டம் வருது. வீட்டு பிளான் கொடுக்கணும். நிலநடுக்கம், காற்று, பனி எவ்வளவு பாரம் தரும்னு கணக்கு. மின்சாரம், குழாய் வரைபடம். எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்குன்னு காட்டற சைட் பிளான்.

பெர்மிட் கையில வந்த பிறகும் வேலை அவங்க கண்ணு முன்னாடிதான் நடக்கும். அஸ்திவாரத்துக்குக் கம்பி கட்டினதும் கான்கிரீட் கொட்டறதுக்கு முன்னாடி ஒரு பார்வை. சட்டம் நிறுத்தினதும் ஒரு பார்வை. சுவரை மூடறதுக்கு முன்னாடி வயரிங், பைப் பாக்கறதுக்கு ஒண்ணு. கடைசியில ஒண்ணு, அதுக்கப்புறம்தான் குடியேறச் சான்றிதழ். அதாவது, எதை மூடினா அப்புறம் பாக்க முடியாதோ, அதை மூடறதுக்கு முன்னாடி வந்து பாத்துடுவாங்க. முன்னாடியே மூடிட்டீங்கன்னா உடைச்சுக் காட்டச் சொல்லலாம்.

இங்க ஒரு யூட்யூப் நம்பிக்கையை உடைக்கணும். "200 சதுர அடிக்குக் கீழ இருந்தா பெர்மிட் வேணாம், அதனால சின்னதா ஒரு கேபின் கட்டிக்கலாம்"னு சொல்வாங்க. மாதிரி விதிகள்ல அந்த 200 இருக்கறது உண்மை. கலிஃபோர்னியாவுல அது 120. ஆனா அந்தச் சலுகை, சாமான் வைக்கற ஷெட் மாதிரி துணைக் கட்டடங்களுக்கு. படுக்கை போட்டு, அடுப்பு வச்சுக் குடியிருந்தா அது ஷெட் இல்ல, வீடு.

சண்டை போட்ட ஊர்

இப்போ ஆரம்பத்துல சொன்ன சண்டைக்கு வருவோம்.

1960-களோட கடைசியிலயும் 70-களிலயும் சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி நகரங்கள்லேருந்து நிறைய இளைஞர்கள் மெண்டசினோவுக்குக் குடிபெயர்ந்தாங்க. மரம் வெட்டி முடிச்ச மலை நிலம் மலிவா கிடைச்சுது. பழைய மரம், கிடைச்ச ஜன்னல், சொந்தக் கை. கரன்ட் கிடையாது. பல இடத்துல மக்கும் கழிப்பறைதான். பெர்மிட் யாரும் வாங்கலை.

70-களோட நடுவுல கவுண்டி அதிகாரிகள் இந்த வீடுகளுக்குப் போய் நோட்டீஸ் ஒட்ட ஆரம்பிச்சாங்க. சரி பண்ணு, இல்லைன்னா காலி பண்ணு, இடி. விதிப்படி பாத்தா அவங்க சொன்னதும் தப்பில்லை. ஆனா அந்த விதிகள் நகரத்து வீட்டை மனசுல வச்சு எழுதினது. தர முத்திரை குத்தின மரம்தான் வேணும், எல்லா ரூமுக்கும் கரன்ட் வேணும். கையில காசே இல்லாம சொந்தமா மரம் அறுத்துக் கட்டினவங்களால அதை நிறைவேத்தவே முடியாது.

அவங்க யுனைடெட் ஸ்டாண்ட்னு ஒரு அமைப்பா ஒண்ணு சேர்ந்தாங்க. கவுண்டியோட வாதாடி, மாநில அரசு வரைக்கும் கொண்டு போனாங்க. கடைசியில கலிஃபோர்னியா, சொந்தக்காரரே கட்டிக்கற கிராமப்புற வீடுகளுக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்துச்சு. எந்தக் கவுண்டிக்கு வேணுமோ அது ஏத்துக்கலாம். மெண்டசினோ ஏத்துக்கிச்சு. அங்க அதுக்குப் பேர் கிளாஸ் கே பெர்மிட். இன்னைக்கும் இருக்கு.

இந்த விதிகள்ல எதை விட்டுக்கொடுத்தாங்கன்னு பாருங்க. தர முத்திரை இல்லாத மரம் போடலாம். கரன்ட் கட்டாயம் இல்லை. குழாய்ல அழுத்தத்தோட தண்ணி வரணும்னு இல்லை. எதை விட்டுக்கொடுக்கலை? குடிக்கத் தகுந்த தண்ணி அந்த இடத்துல இருக்கணும். ஃப்ளஷ் டாய்லெட் வேணாம்னா சரி, ஆனா அதுக்குப் பதிலா என்ன வைக்கறீங்களோ அதை சுகாதார அதிகாரி ஒத்துக்கணும். அப்புறம், அது நீங்க குடியிருக்கற வீடா இருக்கணும். முடிச்ச ஒரு வருஷத்துக்குள்ள வித்தா, வாடகைக்கு விட்டா, விக்கறதுக்காகவே கட்டினதா எடுத்துக்குவாங்க.

உன் தலை மேல இருக்கற கூரை உன் பாடு. உன் நிலத்தை விட்டு வெளிய போறது எல்லாருடைய பாடு. இந்தச் சமரசத்தை ஒரு வரியில சொன்னா இதுதான்.

மத்த இடங்களையும் பாத்தா இதே கோடுதான் தெரியுது. அரிசோனாவுல கோச்சீஸ் கவுண்டி. அங்க கிராமப்புறத்துல நாலு ஏக்கர் அல்லது அதுக்கு மேல வச்சிருக்கறவங்க, சொந்தமா கட்டிக்கற வீட்டுக்குக் கட்டட விதிகளும் ஆய்வும் வேணாம்னு எழுதிக் கொடுத்து விலகிக்கலாம். ஆனா செப்டிக் பெர்மிட்லேருந்து விலக முடியாது. டெக்சாஸ்ல 10 ஏக்கருக்குக் குறையாத நிலத்துல ஒரே வீடுன்னா செப்டிக்குக்கூட பெர்மிட் வேணாம். அட, சுதந்திரம்னு தோணும். நிபந்தனையைப் படிங்க: கழிவுநீர்க் குழாய் எல்லையிலிருந்து 100 அடி உள்ள தள்ளி இருக்கணும், நிலத்தடி நீர் கெடக்கூடாது. கட்டட விதியே இல்லாத கவுண்டியா இருந்தாலும், மத்திய அரசோட வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்துல சேர்ந்திருந்தா, வெள்ள எல்லைக்குள்ள கட்ட அனுமதி வாங்கியே ஆகணும். நீங்க ஆத்துல மண்ணை நிரப்பி உசத்தினா தண்ணி பக்கத்து வீட்டுக்குத்தானே போகும்?

சரி, நமக்கு இதுல என்ன?

"என் நிலத்துல அரசாங்கத்துக்கு என்ன வேலை"ங்கற கேள்விக்குக் கிடைச்ச பதில், நிலத்துக்கு மேல வேலி போடலாம், கீழ ஓடற தண்ணிக்குப் போட முடியாதுங்கறதுதான்.

இதை நம்ம பக்கம் திருப்பிப் பாருங்க. நம்ம நகரங்களோட ஓரத்துல, இன்னும் பாதாளச் சாக்கடை வராத இடத்துல, 30-க்கு 40 அடி மனை. 1,200 சதுர அடி. அதுல ஒரு மூலையில போர்வெல், எதிர் மூலையில செப்டிக் டேங்க் வச்சாலும் நடுவுல 50 அடிதான். பக்கத்து மனையிலயும் அதே மாதிரி, பின்னாடி மனையிலயும் அதே மாதிரி. 100 அடிங்கற கணக்கு அங்க உள்ளயே நுழையாது. நாம மனை பாக்கப் போனா பட்டா கேக்கறோம், வில்லங்கம் பாக்கறோம், அப்ரூவல் இருக்கான்னு கேக்கறோம். எல்லாம் சரி. கூடவே பக்கத்து வீட்டு டேங்க் எங்க இருக்கு, அதுல தொட்டிக்கு அடியில கான்கிரீட் தளம் இருக்கா, இல்ல வெறும் மண்ணான்னும் கேளுங்க. நீங்க குடிக்கப்போற தண்ணியோட கேள்வி அது. போர் தண்ணியை லேப்ல கொடுத்து நைட்ரேட்டும் கோலிஃபார்மும் பாக்கச் சொல்லுங்க.

அமெரிக்காவுல இருக்கற நண்பர்கள், அங்கேயே கிராமத்துல நிலம் பாக்கற ஐடியா இருந்தா, இந்த வரிசையை எழுதி வச்சுக்கோங்க. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி நிலத்தோட பார்சல் எண்ணை எடுத்துக்கிட்டு கவுண்டி ஆபீஸுக்குப் போங்க. அங்க வீடு கட்டலாமா, எத்தனைன்னு கேளுங்க. சுகாதாரப் பிரிவுல பழைய மண் சோதனை ஏதாவது ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. வழியுரிமையையும் வெள்ள வரைபடத்தையும் பாருங்க. விற்பனை ஒப்பந்தத்துல "மண் சோதனை பாஸ் ஆனாதான் வாங்குவேன்"னு ஒரு நிபந்தனையைச் சேருங்க. அங்க அது சகஜமான விஷயம்தான். விக்கறவர் அதுக்கு ஒத்துக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சா, அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு வச்சுக்கோங்க.

அடுத்த தடவை அந்த கேபின் வீடியோ பாக்கும்போது கேபினுக்குப் பின்னாடி மரமே இல்லாம, புல்லு மட்டும் வளர்ந்த ஒரு சமமான இடம் தெரியுதான்னு பாருங்க. பெரும்பாலும் அதுதான் லீச் ஃபீல்டு. அந்த வீடு நிக்கறதுக்குக் காரணமே அந்தப் புல்தரைதான்.

இந்த வாரத்துக்கு இவ்வளவுதான் மக்களே. வீடு, மனை, அப்ரூவல் பத்தி உங்களுக்கு இருக்கற கேள்விகளை அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.